மரநாய்க்குப் பெயர் தந்த டாக்டர்

தென்காசியை அடுத்த வடகரைப் பக்கத்தில் மரநாயைத் தெரியாதவர்கள் குறைவு. இரவில் ஓட்டுக்கூரை மேல் ஓடும். தோப்பில் புகுந்து பழம் தின்னும். கள்ளுக் கலயத்தையும் விட்டு வைக்காது.

மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளில் இன்னொரு மரநாய் உண்டு. அதன் விஞ்ஞானப் பெயரில் ஒரு டாக்டரின் பெயர் சேர்ந்திருக்கிறது. அவர்தான் ஜெர்டான்.

சென்னைக்கு வந்தார்

தாமஸ் ஜெர்டான் 1811-ம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்தார். எடின்பரோ சர்வகலாசாலையில் படித்தார். கிழக்கிந்தியக் கம்பெனியில் உதவி டாக்டர் உத்தியோகம் கிடைத்தது. 1836-ல் சென்னையில் வந்து இறங்கினார்.

பட்டாளத்துக்கு வைத்தியம் பார்ப்பது அவர் வேலை. ஆனால் அவர் மனம் எல்லாம் பறவைகளிலும் மிருகங்களிலும்தான்.

பூச்சி அரித்தது

தாம் சேகரித்த பறவைகளைப் பாடம் செய்து, ஸ்காட்லாந்தில் இருந்த ஜார்டைன் என்ற நிபுணருக்கு அனுப்பினார். அவை என்ன பறவைகள் என்று அவர் சொல்ல வேண்டும். ஆனால் போய்ச் சேருவதற்குள் எல்லாவற்றையும் பூச்சி அரித்துவிட்டது!

ஜெர்டான் சோர்ந்து போகவில்லை. அதன் பிறகு தாமே பார்த்தார். தாமே இனம் பிரித்தார். நெல்லூரில் டாக்டராக இருந்தபோது, காட்டை நன்கு அறிந்த யானாதி மக்களிடம் கேட்டுக் கற்றுக்கொண்டார்.

இந்தியப் பறவைகளைப் பற்றிய அவருடைய பெரிய நூல் 1862 முதல் 1864 வரை வெளிவந்தது. பாலூட்டும் பிராணிகளைப் பற்றிய நூல் 1867-ல் வந்தது. உடல்நலம் கெட்டு, 1870-ல் தாய்நாடு திரும்பினார். 1872-ல் காலமானார்.

இரண்டும் வேறு!

மலை மரநாய்க்கு அதுவரை தனிப் பெயர் கிடையாது. ஜெர்டான் இறந்து 13 ஆண்டுகளுக்குப் பின், 1885-ல், பிளான்போர்டு என்ற விஞ்ஞானி கொடைக்கானலில் கிடைத்த ஒரு மரநாயை ஆராய்ந்தார். அது தனி இனம் என்று கண்டார். முன்னோடியின் நினைவாக, ஜெர்டான் பெயரை அதற்குச் சூட்டினார்.

இரண்டையும் எப்படிப் பிரித்து அறிவது?

ஊர் மரநாயின் முதுகில் கரிய கோடுகள் இருக்கும். பக்கங்களில் புள்ளிகள் இருக்கும். கண்ணருகே வெள்ளைத் திட்டு இருக்கும்.

மலை மரநாய்க்குக் கோடும் இல்லை, புள்ளியும் இல்லை. உடல் முழுவதும் பழுப்பு. அதன் பிடரி மயிர் பின்னோக்கிப் படியாது. தலையை நோக்கி முன்பக்கமாகப் படியும்! மண்டை ஓட்டிலும் வித்தியாசம் உண்டு. மேல் அண்ணத்தின் முன்பக்கத் துவாரங்கள் இதற்கு அதிக நீளம்.

காடு வளர்க்கும் பிராணி

பெயரில் என்ன இருக்கிறது என்று நினைக்கக் கூடாது. ஊர் மரநாய் தோப்பிலும் பிழைக்கும்; கூரையிலும் பிழைக்கும். மலை மரநாயின் வீடு மேற்குத் தொடர்ச்சி மலைதான். உலகில் வேறு எங்கும் அது கிடையாது.

பல்லைப் பார்த்தால் மாமிசம் தின்னும் ஜாதி. ஆனாலும் அது பெரும்பாலும் தின்பது காட்டுப் பழங்களைத்தான். விதைகள் கெடாமல் எச்சத்தோடு வேறு இடத்தில் விழும். அங்கே புது மரம் முளைக்கும். களக்காடு மலைக்காடுகளில் நடந்த ஆராய்ச்சியில் இது தெரிய வந்தது.

இரண்டும் ஒன்றுதான் என்று எண்ணியிருந்தால், காட்டில் ஒன்று குறைந்தாலும் ஊரில்தான் நிறைய இருக்கிறதே என்று சும்மா இருந்துவிடுவோம். அது அழிந்த செய்தி கூட யாருக்கும் எட்டாது.