ஐடா ஸ்கடர் அம்மையார்

நோய் மனிதனது உடலிற் காணப்படினும், அதன் வேர் பலகாலும் அவன் மிதிக்கும் மண்ணிலும், பருகும் நீரிலும், வளர்க்கும் விலங்கிலும் ஓடிக் கிடக்கின்றது. ஆதலின் வைத்தியசாலைக்குள் இருந்தே நோக்கும் மருத்துவர் நோயின் ஒரு பாதியையே காண்பர். மற்றைப் பாதி கிடக்கும் இடந்தேடிச் சென்றவர் ஐடா ஸ்கடர் அம்மையார். அவர்தம் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

அம்மையார் 1870 ஆம் ஆண்டு டிசம்பர் 9 ஆம் நாள் இராணிப்பேட்டையிற் பிறந்தனர். பாட்டனாரும் தந்தையாரும் அமெரிக்க மிஷன் மருத்துவர்கள். எனினும் இந்நாட்டில் ஊழியஞ் செய்ய அவருக்கு இளமையில் விருப்பமில்லை. நோயுற்ற அன்னையாரைப் பேணத் திண்டிவனத்திற்கு வந்திருந்தபோது, ஓரிரவில் மூவர் ஒருவர்பின் ஒருவராக வந்து, பிரசவ வேதனையில் துடிக்கும் தத்தம் மனைவியரைக் காக்குமாறு வேண்டினர். தாம் மருத்துவங் கற்றவரல்லர் என்றும், தந்தையாரை அழைத்துச் செல்லலாம் என்றும் அவர் கூறினார். ஆண் மருத்துவரை ஏற்க அவர்கள் வழக்கம் இடங்கொடுக்கவில்லை. விடிந்தபோது அம்மூன்று பெண்களும் இறந்த செய்தி வந்தது. அச்செய்தி அவர் வாழ்வையே மாற்றிற்று.

அவர் அமெரிக்கா சென்று கார்னெல் மருத்துவக் கல்லூரியில் 1899 இல் பட்டம் பெற்று, 1900 இல் வேலூரில் ஒரு கட்டிலுடன் பணி தொடங்கினார். 1902 இல் 40 கட்டில்களுடைய வைத்தியசாலை எழுந்தது. 1918 இல் பெண்களுக்கென மருத்துவப் பள்ளி திறந்தார். அதுவே இன்றைய கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி. 1960 மே 24 இல் கொடைக்கானலில் இறைவனடி சேர்ந்தார்.

இவற்றினும் நாம் போற்றுவது அவர்தம் வழியோர வைத்தியமே. முதலில் மாட்டு வண்டியிலும் பின்னர் மோட்டாரிலும் குடியாத்தம் சாலையிற் சென்று, மரத்தடிதோறும் நின்று நோயாளரைக் கண்டனர். அங்ஙனங் காணும் மருத்துவருக்கு நோயாளி நீர் மொள்ளும் குளமும், செருப்பில்லாக் காலும், மாட்டுக் கொட்டிலும் உடன் புலப்படும்.

அதன் பயனை வேலூருக்குத் தென்மேற்கேயுள்ள ஜவ்வாது மலையிற் காண்கின்றோம். மலையாளி எனப்படும் பழங்குடியினர் சாமை விளைத்து வாழும் அம்மலையில், அம்மையாரின் கல்லூரியைச் சார்ந்தோர் மண்வழிப் பரவும் குடற்புழுக்களை ஆராய்ந்தனர். அவ்வாராய்ச்சியில் 2018 முதல், சில ஊர்களில் சிறுவர் பெரியோர் அனைவருக்கும் ஆண்டுக்கு இருமுறை மருந்து வழங்கினர். கொக்கிப்புழுவின் முட்டை மலத்தோடு ஈர மண்ணிற் சேர்ந்து, குஞ்சாகி, வெறுங்காலைத் துளைத்துக் குடலை அடைந்து இரத்தம் உறிஞ்சும். இரத்தஞ் சுருங்கிய தாய்க்குப் பிரசவம் பேராபத்தாகும். மருந்தால் புழு நீங்கினும், மண் தூய்மையுறாதேல் மீண்டும் பற்றும்.

பன்றிகள் திரியும் ஊர்களிலோ விலங்கும் இச்சங்கிலியிற் சேரும். மனிதன் மலத்திலுள்ள நாடாப்புழு முட்டையைப் பன்றி உண்ணும். நன்கு வேகாத அதன் இறைச்சியால் புழு மனிதன் குடலிற் புகும். அதன் முட்டைகள் அழுக்குக் கைவழி உட்சென்று மூளையைப் பற்றின் வலிப்பு உண்டாகும். இங்கே பன்றிக்குத் தீங்கு செய்தவனும் மனிதனே, அதனால் துன்புறுபவனும் மனிதனே.

திண்டிவனத்தில் மூன்று உயிர்களைக் கொண்டது வழக்கமாகிய சுவர். மலையூர்களில் தாயரைத் தேய்ப்பது காலடி மண். இரண்டும் வைத்தியசாலையின் வாயிலுக்கு வெளியே உள்ளன. நாம் ஆசிரியராயினும் பொறியாளராயினும், ஒரு கழிப்பறையும் ஒரு சோடிச் செருப்பும் ஊருக்குக் கிடைக்கச் செய்வோமாயின், அம்மையார் தொடங்கிய பணியிற் பங்குபெற்றோராவோம்.