உறுப்பு நிராகரிப்பின் காரணத்தைக் கண்டறிந்த பீட்டர் மெடவார்

சிறுநீரக மாற்று அறுவைச் சிகிச்சையில் மருத்துவர்கள் எதிர்கொள்ளும் பெரும் சவால், புதிய உறுப்பை நோயாளியின் உடல் நிராகரிக்காமல் காப்பதாகும். இந்த நிராகரிப்பு நோய் எதிர்ப்பு மண்டலத்தின் செயலே என்பதை நிறுவியவர் பிரிட்டிஷ் விஞ்ஞானி சர் பீட்டர் மெடவார்.

லெபனான் வம்சாவளித் தந்தைக்கும் பிரிட்டிஷ் தாய்க்கும் 1915 ஆம் ஆண்டு பிரேசிலில் பிறந்த அவர், ஆக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் பயின்றார். இரண்டாம் உலகப் போரில் தீக்காயமடைந்தோருக்குப் பிறரது தோல் ஏன் ஒட்டுவதில்லை என்ற கேள்வி அவரை இத்துறைக்குக் கொண்டுவந்தது.

கிளாஸ்கோ மருத்துவமனையில் தீக்காயமடைந்திருந்த ஒரு பெண்ணுக்கு அவரது சகோதரரின் தோல் இருமுறை பொருத்தப்பட்டது. இரண்டாம் முறை பொருத்திய தோல் முதலாவதைவிட விரைவாக அழிந்தது. உடல் அந்நியத் திசுவை நினைவில் வைத்திருந்து தாக்குகிறது என்பதற்கு இது சான்றாக அமைந்தது. அறுவைச் சிகிச்சை நிபுணர் தாமஸ் கிப்சனுடன் இணைந்து 1943 இல் மெடவார் இதனை வெளியிட்டார்.

அந்தத் தாக்குதலைத் தடுக்க இயலுமா என்பதே அடுத்த கேள்வி. லண்டனில் பில்லிங்ஹாம், பிரெண்ட் ஆகியோருடன் சேர்ந்து, தாயின் கருவிலிருந்த சுண்டெலிகளுக்கு வேறு இன எலிகளின் உயிரணுக்களை அவர் செலுத்தினார். அவை வளர்ந்தபின் அதே இனத்தின் தோலை ஏற்றுக்கொண்டன. 1953 இல் வெளியான இந்த ஆய்வுக்காக, ஆஸ்திரேலியாவின் மக்ஃபார்லேன் பர்னெட்டுடன் 1960 இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

ஆனால் கருவிலேயே செய்யவேண்டிய இம்முறை, வளர்ந்த நோயாளிகளுக்குப் பயன்படவில்லை. எனவே 1960களில், நிராகரிப்பில் ஈடுபடும் வெள்ளை அணுக்களைக் குறைக்கும் ஊனீர் பற்றி மெடவார் ஆராய்ந்தார். அதே அடிப்படையில் அமைந்த மருந்துகள் இன்றும் சிறுநீரக மாற்றத்தின்போது அளிக்கப்படுகின்றன.

கிளாஸ்கோவில் கண்ட உடலின் நினைவாற்றலும் இன்றும் சிக்கலாகவே உள்ளது. முன்னர் இரத்தம் ஏற்றியதாலோ, கர்ப்பத்தாலோ, முந்தைய உறுப்பு மாற்றத்தாலோ எதிர்ப்பொருட்கள் உருவாகியுள்ள நோயாளிகளுக்குப் பொருத்தமான சிறுநீரகம் கிடைப்பது அரிது. அவர்களில் சிலருக்கு, அறுவைச் சிகிச்சைக்கு முன்பே இரத்தத்திலிருந்து எதிர்ப்பொருட்களை அகற்றி உடலைத் தயார்படுத்துகின்றனர்.

1969 இல் பக்கவாதத்தால் பாதிக்கப்பட்ட பின்னரும் ஆய்வையும் எழுத்தையும் தொடர்ந்த மெடவார், 1987 இல் லண்டனில் காலமானார். சிறுநீரகம் பெற்றவர்களில் பெரும்பாலோர், அந்த உறுப்பு இயங்கும் காலம் முழுவதும் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகளை உட்கொண்டே வாழ்கின்றனர். மருந்தின்றியே பிறர் உறுப்பை உடல் ஏற்கச் செய்வது, அவர் எலிகளில் நிரூபித்தும் மருத்துவம் இன்னும் முழுமையாக எட்டாத இலக்காகவே நீடிக்கிறது.