பந்தைத் தொடலாம், குவளையைத் தொடக் கூடாது

இந்திய அணி தன் முதல் டெஸ்ட் போட்டியை ஆடியது 1932-இல், லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில். நம் விளையாட்டுப் பக்கங்கள் பெரும்பாலும் அங்கிருந்துதான் இந்திய கிரிக்கெட்டின் கதையைத் தொடங்குகின்றன. அதற்கு 21 ஆண்டுகளுக்கு முன்பே, 1911-இல், இங்கிலாந்துக்குச் சென்ற இந்திய அணியில் ஒருவர் மட்டும் 100-க்கு மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்தினார். அவர் பெயர் பல்வங்கர் பாலு. நம் பக்கத்து அருந்ததியரைப் போலத் தோல் வேலைக்கென்று ஒதுக்கப்பட்ட சமார் சாதியில் பிறந்தவர். தெருவுக்குத் தெரு கிரிக்கெட் ஆடும் நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரியும்? தெரியாமல் போனதற்குக் காரணம் அவர்கள் அல்லர். நாம் சொல்லாமல் விட்டோம். இன்று சொல்வோம்.

மூன்று ரூபாய்ச் சம்பளம்

பாலு 1876 மார்ச் 19 அன்று தார்வாட்டில் பிறந்தார். குடும்பத்தின் பூர்வீகம் கொங்கணப் பகுதியில் உள்ள பல்வண் கிராமம். அந்த ஊர்ப் பெயரே பல்வங்கர் என்று குடும்பப் பெயரானது. தந்தைக்கு ராணுவத்தைச் சார்ந்த வேலை. அதனால் பாலுவும் தம்பி சிவராமும் புனாவின் ராணுவக் குடியிருப்பை ஒட்டி வளர்ந்தார்கள். வெள்ளைக்கார அதிகாரிகள் தேய்ந்துபோனது என்று கழித்துப்போட்ட மட்டையும் பந்துமே அண்ணன் தம்பிகளின் முதல் விளையாட்டுச் சாமான்கள்.

குடும்பத்தின் வறுமை பாலுவைப் பள்ளியில் நிலைக்கவிடவில்லை. பார்சிகள் நடத்திய ஒரு கிரிக்கெட் கிளப்பில் ஆடுகளத்தைப் பெருக்கி உருட்டும் வேலைக்குச் சேர்ந்தார். மாதச் சம்பளம் 3 ரூபாய். 1892 வாக்கில் ஐரோப்பியர்களின் புனா கிளப்புக்கு மாறினார். அங்கே 4 ரூபாய். ரோலர் இழுப்பது, கோடு போடுவது, பயிற்சிக்கு வலை கட்டுவது எல்லாம் அவர் வேலை. வலையில் மட்டை பிடிக்கும் துரைமார்களுக்குப் பந்து போட ஆள் தேவைப்பட்டபோது அவரைக் கூப்பிட்டார்கள். இடது கையால் மெதுவாகச் சுழற்றிப் போட்டார். பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்று துரைமார்களால் கணிக்க முடியவில்லை.

அந்தக் கிளப்பின் சிறந்த மட்டையாளர் ஜே.ஜி. கிரெய்க் என்ற ராணுவ அதிகாரி. அவரை ஒருமுறை ஆட்டமிழக்கச் செய்தால் எட்டணா இனாம் என்று ஒரு கணக்கு இருந்ததாகச் சொல்வார்கள். பாலு மணிக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் பந்து போட்டார். ஆனால் அந்த வலையில் ஒருநாள்கூட அவர் கையில் மட்டையைக் கொடுத்ததில்லை.

இதைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். கிரிக்கெட்டோடு ஆங்கிலேயர் தங்கள் நாட்டு மேல் கீழையும் சேர்த்தே கொண்டுவந்தார்கள். இங்கிலாந்தில் பணத்துக்காக ஆடியவரும் பொழுதுபோக்காக ஆடிய கனவான்களும் மைதானத்துக்குள் நுழையும் வாசலே பல இடங்களில் வேறு வேறாக இருந்தது. பந்துவீச்சு வியர்வை சிந்தும் வேலை, அது கூலி வாங்குபவருக்கு. மட்டை பிடிப்பதும் தலைமை ஏற்பதும் கனவானுக்கு. 20ஆம் நூற்றாண்டில் கூலிக்கு ஆடும் ஒருவரை இங்கிலாந்து தன் டெஸ்ட் அணிக்குத் தலைவராக்கியது 1952-இல்தான். இந்த ஏற்பாடு நம் மண்ணில் இறங்கியபோது சாதிக்கு அது அந்நியமாகவே தெரியவில்லை. உழைப்பது ஒருவர், ஆள்வது இன்னொருவர் என்பதுதானே இரண்டுக்கும் அடிப்படை.

இந்து அணியில் ஒரு 'இந்து'

அன்றைய மும்பை மாகாணத்தில் கிரிக்கெட் அணிகள் மதத்தின் பேரால் அமைந்தன. முதலில் ஆடத் தொடங்கிய இந்தியர்கள் பார்சிகள். 1892 முதல் ஐரோப்பியருக்கும் பார்சிகளுக்கும் ஆண்டுதோறும் போட்டி நடந்தது. 1907-இல் இந்துக்களும் 1912-இல் முஸ்லிம்களும் சேர்ந்தார்கள். மும்பைக் கடற்கரையோரம் பார்சி ஜிம்கானா, இந்து ஜிம்கானா, முஸ்லிம் ஜிம்கானா என்று தனித்தனியே அரசு நிலம் கொடுத்தது. மக்களை மதவாரியாக எண்ணிப் பிரித்து ஆண்ட அரசுக்கு விளையாட்டையும் அப்படிப் பிரிப்பது வசதியாக இருந்தது.

இந்தப் பிரிவில் தீண்டப்படாதவர் எங்கே நிற்பது? இந்தக் கேள்வியை முதலில் சந்தித்தது புனாவின் இந்து அணி. வெள்ளையரை வெல்ல வேண்டும் என்றால் பாலு வேண்டும். பாலுவைச் சேர்த்தால் தீட்டு. அணியில் இருந்த தெலுங்கர்கள் சேர்க்கலாம் என்றார்கள், பிராமணர்கள் மறுத்தார்கள். இப்படி ஒரு பந்துவீச்சாளரை ஒதுக்கினால் நட்டம் இந்துக்களுக்குத்தான் என்று கிரெய்க் பத்திரிகையில் கருத்துச் சொன்ன பிறகே வழி திறந்தது.

திறந்தது மைதானத்தின் வழி மட்டும். ஆட்டத்தின்போது பாலு தொட்டு வீசிய பந்தை மற்றவர்களும் தொட்டார்கள், பிடித்தார்கள். அந்தப் பந்தும் தோல்தான். தேநீர் இடைவேளை வந்ததும் நிலைமை மாறியது. மற்றவர்கள் உள்ளே உட்கார்ந்து பீங்கான் கோப்பையில் குடிக்க, பாலுவுக்கு வெளியே, குடித்ததும் எறிந்துவிடும் மண்குவளையில் தேநீர். சாப்பாட்டுக்குத் தனித் தட்டு, தனி இடம். முகம் கழுவத் தண்ணீர் ஊற்றவும் ஒரு தீண்டப்படாத வேலையாள். இரட்டைக் குவளையைப் பற்றி நம் ஊர்களில் யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. விக்கெட் எண்ணும்போது அவர் இந்து, தண்ணீர் கொடுக்கும்போது மட்டும் வேறு.

புனா அணி வெள்ளையர் அணிகளை வெல்லத் தொடங்கியதும் பாராட்டுகள் குவிந்தன. அவரோடு சேர்ந்து ஆடுகிறவர்கள் அவரோடு சேர்ந்து உண்ணவும் வேண்டும் என்று நீதிபதி ரானடே எடுத்துரைத்ததாகச் சொல்லப்படுகிறது. பின்னர் பாலு மும்பைக்குச் சென்று ரயில்வேயில் வேலை பார்த்தபடி இந்து ஜிம்கானாவுக்கு ஆடினார். அங்கும் முதலில் எதிர்ப்பு இருந்தது. ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக உணவு மேசையில் இடம் கிடைத்தது.

1906-இல் மும்பையில் இந்துக்கள் ஐரோப்பியரை எதிர்கொண்டார்கள். இந்துக்கள் 242, ஐரோப்பியர் 191. இரண்டாவது இன்னிங்ஸில் இந்துக்கள் 160. வெற்றிக்கு 212 தேவைப்பட்ட ஐரோப்பியர் 102 ரன்களுக்குச் சுருண்டார்கள். ஆள்பவரை அடிமைப்பட்டவர் 109 ரன்கள் வித்தியாசத்தில் தோற்கடித்த செய்தி நாடெங்கும் பேசப்பட்டது. அந்த வெற்றியின் முதுகெலும்பு பாலுவின் பந்துவீச்சு. தம்பி சிவராமும் அந்த அணியில் இருந்தார்.

இங்கிலாந்தில் 114 விக்கெட்

1911-இல் பாட்டியாலா மகாராஜா பூபிந்தர் சிங் தலைமையில் அகில இந்திய அணி இங்கிலாந்து சென்றது. அணி பெரும்பாலான ஆட்டங்களில் தோற்றது. மகாராஜாவோ விருந்துகளிலும் அரச நிகழ்ச்சிகளிலும் நேரத்தைக் கழித்தார். பாலுவுக்கு அப்போது 35 வயது, தோளில் வலி. அந்த நிலையிலும் எல்லா ஆட்டங்களையும் சேர்த்து 114 விக்கெட்டுகள் எடுத்தார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்கு எதிராக ஒரே இன்னிங்ஸில் 8 விக்கெட். லெஸ்டர்ஷயரை இந்தியர்கள் வென்றதிலும் அவர் பந்துவீச்சுக்கே பெரும் பங்கு. சோமர்செட்டுக்கு எதிரான வெற்றிக்குத் தம்பி சிவராமின் சதம் கைகொடுத்தது.

ஊர் திரும்பியதும் மும்பையின் ஒடுக்கப்பட்ட மக்கள் அவருக்கு வரவேற்பு நடத்தினார்கள். அந்த வரவேற்பு மடலைத் தயாரித்தவர் அப்போது கல்லூரி மாணவராக இருந்த ஓர் இளைஞர். அவர் பெயர் பீமராவ் அம்பேத்கர். தம் மக்களில் ஒருவர் திறமையால் உலகின் முன் நிமிர்ந்து நின்றதை அந்தத் தலைமுறை பாலுவிடம்தான் முதலில் கண்டது.

தலைமை யாருக்கு?

விக்கெட்டை எண்ணிப் பார்த்துவிடலாம், மறைக்க முடியாது. தலைமைப் பதவி அப்படியல்ல. அது ஒரு அறைக்குள் உட்கார்ந்து சிலர் கொடுப்பது. இந்து அணியின் மூத்த, தலைசிறந்த ஆட்டக்காரரான பாலுவுக்குத் தலைமை வேண்டும் என்று 1910-களில் தொடர்ந்து குரல் எழுந்தது. ஒவ்வொரு முறையும் உயர்சாதியினர் ஒருவருக்கே அது போனது. தலைவராக்கப்பட்ட எம்.டி. பை, இந்தப் பெருமை பாலுவுக்கு உரியது என்று பாராட்டு விழா ஒன்றில் தாமே ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டதோடு சரி.

1920-இல் பாலுவை அணியிலிருந்தே நீக்கினார்கள். பை உடல்நலமின்றி இருந்ததால் தலைமையைத் தியோதருக்குக் கொடுத்தார்கள். பாலுவின் தம்பிகள் சிவராமும் விட்டலும் ஆட்டத்தில் அவரைவிட மூத்தவர்கள். இருவரும் அணியிலிருந்து விலகினார்கள். சும்மா விலகவில்லை. சாதி காரணமாகவே தாங்கள் ஒதுக்கப்படுகிறோம் என்று பகிரங்கமாக அறிக்கை விட்டார்கள். மும்பையில் அவர்களுக்கு ஆதரவு பெருகியது. அடுத்து நடந்த இறுதி ஆட்டத்துக்கு இருவரையும் அழைக்க வேண்டியதாயிற்று. 44 வயது பாலுவைத் துணைத் தலைவராக்கினார்கள். பார்சிகளுக்கு எதிரான அந்த ஆட்டத்தில் பை சிறிது நேரம் மைதானத்தை விட்டு வெளியேறியபோது பாலு அணியை நடத்தினார். வாழ்நாள் முழுவதும் ஆடியதற்கு அவருக்குக் கிடைத்த தலைமை அவ்வளவுதான்.

போராட்டத்தின் முழுப் பலன் தம்பிக்குக் கிடைத்தது. 1923-இல் விட்டல் இந்து அணியின் தலைவரானார். அந்த ஆண்டு ஐரோப்பியரை வென்றதும் கூட்டம் அவரைத் தோளில் தூக்கிக் கொண்டாடியது. தூக்கியவர்களில் அவரைத் தொட்டால் தீட்டு என்று வளர்க்கப்பட்டவர்களும் இருந்தார்கள்.

அம்பேத்கருக்கு எதிரே

பாலுவின் வாழ்க்கையில் நாம் தயங்கிக் கடக்கும் பக்கம் ஒன்று உண்டு. அதையும் பேசவேண்டும். தீண்டப்படாத மக்களுக்குத் தனித் தொகுதி வேண்டும் என்று அண்ணல் அம்பேத்கர் போராடியபோது பாலு அதை ஏற்கவில்லை. 1932 செப்டம்பர் 24 அன்று புனா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்களில் அம்பேத்கர், நம் இரட்டைமலை சீனிவாசன், எம்.சி. ராஜா ஆகியோருடன் பாலுவும் ஒருவர். 1937 மும்பை சட்டமன்றத் தேர்தலில் காங்கிரஸ் பாலுவை அம்பேத்கருக்கு எதிராகவே நிறுத்தியது. அம்பேத்கர் 13,245 வாக்குகள் பெற்று வென்றார். பாலுவுக்கு 11,225.

பாலுவைத் துரோகி என்று ஒரே சொல்லில் தள்ளிவிட நமக்கு மனமில்லை. இந்து அணிக்குள் ஓர் இடம், ஒரு கோப்பை, ஒரு பதவி என்று 30 ஆண்டுகள் போராடி உள்ளே நுழைந்தவர் அவர். உள்ளே போனால்தான் விடிவு என்பது அவர் அனுபவம் கற்றுக்கொடுத்தது. உள்ளே போனவருக்கும் தலைமையைத் தரமாட்டார்கள், எனவே நம் கையில் தனி அதிகாரம் வேண்டும் என்பது அம்பேத்கர் கற்ற பாடம். பாலுவின் வாழ்க்கையை முழுதாகப் படித்தால் அது அம்பேத்கரின் வாதத்துக்கே சாட்சி சொல்கிறது என்பது நம் கருத்து. புனா கிளப்பில் துரைமார்களுக்குப் பந்து போட அழைத்ததுபோல், 1937-இல் அம்பேத்கருக்குப் பந்து போட அவரை அழைத்தார்கள். அந்த ஆட்டத்திலும் தலைமை அவரிடம் இல்லை.

1955 ஜூலை 4 அன்று மும்பையில் பாலு காலமானார். முதல்தர ஆட்டங்களில் 33 போட்டிகள், 179 விக்கெட்டுகள், ஒரு விக்கெட்டுக்குச் சராசரியாக 15 ரன்களே. பிறகு நீண்ட காலம் அவரை நாடு மறந்தது. 2002-இல் வெளிவந்த ராமச்சந்திர குஹாவின் கிரிக்கெட் வரலாற்று நூல்தான் அவரைப் பரவலாக நினைவுக்குக் கொண்டுவந்தது.

மாணவத் தம்பி தங்கைகளுக்கு நாம் சொல்ல விரும்புவது ஒன்றுதான். விளையாட்டில் சாதி இல்லை என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். பாலு 1911-இல் 114 விக்கெட் எடுத்தார், அதற்குப் பிறகும் அவருக்குத் தலைமை கிடைக்கவில்லை. 1920-இல் சிவராமும் விட்டலும் ஆட மறுத்து, காரணத்தை வெளியே சொன்ன பிறகுதான் கதவு அசைந்தது. உங்கள் ஊரில் அணி எப்படிப் பிரிகிறது, மைதானம் யார் கையில் இருக்கிறது, கோப்பையை யார் வாங்குகிறார்கள், ஆட்டம் முடிந்து எல்லோரும் ஒரே இடத்தில் தண்ணீர் குடிக்கிறீர்களா என்று பாருங்கள். இல்லை என்றால் வாய் திறந்து கேளுங்கள். நன்றாக ஆடுங்கள், அதோடு கேட்கவும் பழகுங்கள்.