டிப்ளமோ படித்த நோபல் மேதை



டிப்ளமோதானே என்று சொந்தக்காரர்கள் இழுப்பதை நம்மில் பலரும் கேட்டிருப்போம். டிப்ளமோவோடு ஆராய்ச்சிக்கு வந்து நோபல் பரிசு வாங்கிய ஒருவரைப் பற்றி இங்கே எழுத ஆசைப்படுகிறேன். அவர்தான் மாக்ஸ் தைலர்.

அவரை நான் தேடிப் போனதற்கு ஒரு காரணம் உண்டு. சென்ற வருஷம் எங்க அப்பாவுக்குக் காய்ச்சல். இரண்டாம் நாளே ரத்தம் கொடுத்தோம். டெங்குவுக்கான எதிர்ப்பொருள் இல்லைன்னு சீட்டு வந்தது. அதை நம்பி அப்பா சாயப்பட்டறைக்கு ஷிப்டு போயிட்டார். ஆறாம் நாள் அங்கேயே மயங்கி விழுந்தார். மறுபடி பார்த்தால் டெங்கு! நல்லவேளை, பிழைத்துக்கொண்டார். முதல் சீட்டு ஏன் அப்படிச் சொன்னது என்ற கேள்விதான் என்னைத் தைலரிடம் கொண்டுபோய் விட்டது.

தைலர் 1899 ஜனவரி 30 அன்று தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் பிறந்தார். என்னைப் போல முதல் தலைமுறைப் படிப்பாளி அல்ல. தந்தை பெயர்பெற்ற கால்நடை விஞ்ஞானி. ஆனாலும் கேப்டவுனில் படித்த படிப்பை லண்டன் பல்கலைக்கழகம் ஏற்கவில்லை. அதனால் மருத்துவப் பட்டம் கிடைக்கவில்லை. செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் பயின்று மருத்துவராகும் தகுதியையும், பிறகு வெப்பமண்டல மருத்துவத்தில் டிப்ளமோவும் பெற்றார். 1922-ல் அமெரிக்காவின் ஹார்வர்டில் வேலைக்குச் சேர்ந்தார்.

அப்போது ஆப்பிரிக்காவையும் தென் அமெரிக்காவையும் மஞ்சள் காய்ச்சல் வாட்டியது. டெங்குவைப் பரப்பும் அதே ஏடிஸ் கொசுதான் அதையும் பரப்புகிறது. 1927-ல் மேற்கு ஆப்பிரிக்காவில் அதன் வைரஸைக் குரங்குகளுக்கு ஏற்றிக் காட்டினார்கள். அந்தக் குரங்குகள் நம் இந்தியாவிலிருந்து போனவை! அந்த ஆராய்ச்சியில் ஈடுபட்ட ஸ்டோக்ஸ் 1927-லும், அதே நோயை ஆராயப் போன ஜப்பானிய விஞ்ஞானி நொகுச்சி 1928-லும் மஞ்சள் காய்ச்சலுக்கே பலியானார்கள். தைலருக்கும் 1929-ல் அது தொற்றியது. ஆனால் தப்பிவிட்டார்.

குரங்குக்குச் செலவு அதிகம். தைலர் சாதாரண வெள்ளெலியின் மூளையில் வைரஸைச் செலுத்திப் பார்த்தார். எலிக்கு நோய் வந்தது. இதை 1930-ல் வெளியிட்டார். இதிலிருந்து பிறந்ததுதான் எலிப் பாதுகாப்புச் சோதனை. ஒருவருடைய ரத்தத்தின் சீரத்தை வைரஸோடு கலந்து எலிக்குப் போடுவார்கள். எலி செத்தால் சீரத்தில் எதிர்ப்பொருள் இல்லை. பிழைத்தால், அந்த மனிதருக்கு எப்போதோ நோய் வந்து போயிருக்கிறது என்று அர்த்தம். எந்த நாட்டில் எங்கே மஞ்சள் காய்ச்சல் இருந்தது என்று ரத்தத்தைக் கொண்டே வரைபடம் போட முடிந்தது. 1930-லேயே நியூயார்க்கின் ராக்பெல்லர் நிறுவனத்துக்கு மாறிய தைலர், 1937-ல் 17டி தடுப்பூசியையும் உருவாக்கினார். அதற்காகவே 1951-ல் நோபல் பரிசு!

இந்தக் கதை நம் நாட்டுக்கும் வந்தது. 1952-ல் ராக்பெல்லர் நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவும் சேர்ந்து புனேயில் வைரஸ் ஆராய்ச்சி மையத்தைத் தொடங்கின. அங்கே செய்த முதல் வேலைகளில் ஒன்று, மக்களின் சீரத்தை எலிகளில் சோதித்து, எந்தெந்த வைரஸ் இங்கே உலவுகிறது என்று பார்த்தது. 1955-ல் வேலூர்ப் பக்கம் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் இருப்பது தெரியவந்தது. இன்று தேசிய வைராலஜி நிறுவனம் என்ற பெயரில் இயங்கும் அதே மையம், டெங்குவுக்கும் சிக்குன்குனியாவுக்கும் எலிசா கிட் தயாரித்துத் தருகிறது. இப்போது எலிக்குப் பதில் சின்னக் குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டு. எதிர்ப்பொருள் இருந்தால் நிறம் மாறும்.

எங்க அப்பா சீட்டுக்கும் இதில்தான் பதில் இருக்கிறது. எதிர்ப்பொருளை உடம்பு உண்டாக்க நாள் பிடிக்கும். துணியில் சாயம் ஏறும் முன்னே சாம்பிள் எடுத்தால் கலர் தெரியுமா? முதல் ஐந்து நாளுக்கு வைரஸின் புரதத்தைத் தேடும் என்எஸ்1 சோதனை. அதற்குப் பிறகுதான் ஐஜிஎம் எலிசா. ஆகவே நண்பர்களே, ரத்தம் கொடுக்கும்போது காய்ச்சல் எத்தனையாவது நாள் என்று சொல்லுங்கள். என்ன சோதனை என்று கேளுங்கள். இல்லை என்று சீட்டு வந்தாலும் காய்ச்சலோடு வேலைக்கு அனுப்பாதீர்கள்.

தைலர் 1972 ஆகஸ்ட் 11 அன்று மறைந்தார். கடைசிவரை டாக்டர் பட்டம் அவர் படித்து வாங்கவில்லை. இனி யாராவது டிப்ளமோதானே என்றால் சிரித்துக்கொண்டே இவர் கதையைச் சொல்வோம்!