சேர் பொன்னம்பலம் இராமநாதனும் பெண்கள் வாக்குரிமையும்

நம் கல்லூரி மண்டபங்களிலே படமாய் விளங்கும் பெரியார்களுள் சேர் பொன்னம்பலம் இராமநாதன் ஒருவர். அவருடைய வாழ்வின் ஒரு பகுதியைப் பற்றி விழா மேடைகளிற் பேசுவார் அரியர். அப்பகுதியையே ஈண்டு எழுதப் புகுந்தோம்.

1851ஆம் ஆண்டிற் பிறந்த இராமநாதன், 1879இல் தம் தாய்மாமனாராகிய சேர் முத்துக்குமாரசுவாமியின் பின் சட்டநிரூபண சபையில் தமிழர் பிரதிநிதியானார். 1892 முதல் 1906 வரை சொலிசிற்றர் ஜெனரலாய்ப் பணிபுரிந்தார். 1911இல் படித்த இலங்கையருக்கென வகுக்கப்பட்ட ஆசனத்தைச் சிங்களவர் பலருடைய வாக்குகளாலும் வென்றார். 1915ஆம் ஆண்டுக் கலகத்தின்பின் சிங்களத் தலைவர்களுக்காக அவர் வாதாடியதை நாடறியும்.

1913இல் மருதனார்மடத்திலே இந்துப் பெண்களுக்கென இராமநாதன் கல்லூரியை நிறுவினார். சைவப் பெண்பிள்ளைகளுக்கு உயர்கல்வி அரிதாயிருந்த காலம் அது. அவர் துணைவியார் லீலாவதி அம்மையார் அக்கல்லூரியின் வளர்ச்சிக்குத் தம் வாழ்வையே ஈந்தவர். அவ்வம்மையார் பிறந்த அவுஸ்திரேலியாவில் வெள்ளையினப் பெண்கள் 1902இலேயே பாராளுமன்றத் தேர்தலில் வாக்குரிமை பெற்றிருந்தனர் என்பது சிந்திக்கத்தக்கது.

1927இன் இறுதியில் டொனமூர் ஆணைக்குழு இலங்கைக்கு வந்தது. அக்காலத்தில் வாக்குரிமை பெற்றிருந்தோர் குடிசனத்தில் நூற்றுக்கு நால்வரளவினரே. அவரனைவரும் எழுத்தறிவும், சொத்து அல்லது வருமானமும் உடைய ஆடவர். நம் வாவிக்கரை ஊர்களில் குடி தாய்வழியே எண்ணப்படும். வீடும் வளவும் சீதனமாய் மகளுக்கே செல்லும். அங்ஙனம் வீட்டுக்கு உடையவளாயிருந்தும் அவளுக்கு வாக்கில்லை! அவ்வாண்டு தோன்றிய பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தின் சார்பில் அக்னஸ் டி சில்வா அம்மையாரும் பிறரும் ஆணைக்குழுவின் முன் தோன்றினர். தோட்டத் தொழிலாளப் பெண்களுக்கும் வாக்கு வேண்டுமோ என வினவப்பட்டபோது, அவர்களும் பெண்களே என்று அக்னஸ் அம்மையார் தயங்காது விடையிறுத்தார்.

இராமநாதனோ எதிர்த்து நின்றார். இல்லத்திலே நிறைவோடு வாழும் பெண்களை அரசியற் பூசலுள் இழுப்பது இந்து வாழ்க்கை நெறிக்கு ஒவ்வாது என்றும், பெண்களுக்கும் தாழ்த்தப்பட்ட சாதியினருக்கும் வாக்களிப்பது கும்பலாட்சிக்கு வழியாகும் என்றும் அவர் கருதினார். பெண்ணுரிமை இயக்கம் சமத்துவத்தை வளர்க்குமா, குடும்பத்தைக் குலைக்குமா என இன்றும் வாதிடுவோர் உளர். ஆயினும் கல்லூரி கட்டியவர் கையே வாக்குச்சீட்டை மறுத்தமை நமக்கு விளங்கவில்லை. சிந்திக்கக் கற்பித்தபின் தீர்ப்பளிக்கும் உரிமையை மறுத்தல் எங்ஙனம் பொருந்தும்? சாதிபற்றிய அவர் வாதத்துக்கோ எவ்வாற்றானும் சமாதானம் கூறவியலாது.

ஆணைக்குழு முப்பது வயது கடந்த பெண்களுக்கு வாக்குரிமை வழங்கப் பரிந்துரைத்தது. பின்னர் அது ஆடவர்க்குப்போல இருபத்தொன்றாகக் குறைக்கப்பட்டது. 1929 டிசம்பரில் டொனமூர் திட்டம் சட்டநிரூபண சபையில் 19க்கு 17 என்ற வாக்குகளால் ஏற்கப்பட்டது. சிறுபான்மையோர்க்குப் பாதுகாப்பில்லை என்பதும் தமிழ்ப் பிரதிநிதிகளின் கவலையாயிருந்தது, அக்கவலை வீணானதன்று. தள்ளாத வயதிலும் இராமநாதன் 1930இல் இலண்டன் சென்று வாதாடினார். அவ்வாண்டு நவம்பரில் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

1931 ஜூன் மாதத் தேர்தலில் இலங்கைப் பெண்கள் முதன்முறையாக வாக்களித்தனர். மறு ஆண்டில் நேசம் சரவணமுத்து அம்மையார் கொழும்பு வடக்கிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். யாழ்ப்பாணத்து நான்கு தொகுதிகளோ பகிஷ்கரிப்பினால் வெறுமையாய்க் கிடந்தன. இராமநாதன் கல்லூரியிற் கற்ற அவ்வூர்ப் பெண்கள் வாக்களிக்க 1934 வரை காத்திருக்க நேர்ந்தது.