கடைசி வரிசையை மறுத்த அம்மையார்

உரிமை கேட்டு எழுந்தோர் அனைவரும் பிறருடைய உரிமையையும் மதித்தனர் என்று சொல்வதற்கில்லை. அமெரிக்க மாதர் வாக்குரிமை இயக்கமே அதற்குச் சான்று. அவ்வியக்கத்தார் கறுப்பினப் பெண்டிருக்குக் கடைசி வரிசையைக் காட்டியபோது அதனை ஏற்க மறுத்தவர் ஐடா வெல்ஸ் அம்மையார்.

மிசிசிப்பி மாநிலத்து ஹாலி ஸ்பிரிங்ஸ் என்னும் ஊரில், 1862ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாள், அடிமைகளாயிருந்த பெற்றோருக்கு மகளாய்ப் பிறந்தார். 1878இல் பரவிய மஞ்சள் காய்ச்சல் தாய் தந்தையர் இருவரையும் கொண்டுபோயிற்று. 16 வயதிலேயே ஆசிரியைப் பணி ஏற்றுத் தம் உடன்பிறந்தோரைப் பேணினார். 1892இல் மெம்பிஸ் நகரில் இவருடைய நண்பர் மூவரை வெறிக்கும்பல் கொன்றது. அக்கொடுமையைத் தம் பத்திரிகையில் வன்மையாகக் கண்டித்தார். பத்திரிகை அலுவலகம் தகர்க்கப்பட்டது. ஊர் திரும்பினால் உயிர் தங்காது என்னும் நிலை. பின்னர்ச் சிக்காகோ நகரமே அவருக்குப் புகலிடமாயிற்று.

1913 ஜனவரியில் அங்கே கறுப்பின மாதருக்காக ஆல்ஃபா வாக்குரிமைச் சங்கத்தைத் தோற்றுவித்தார். அவ்வாண்டு மார்ச் 3ஆம் நாள் வாஷிங்டனில் மாபெரும் மகளிர் ஊர்வலம் நடந்தது. தென்மாநிலத்து வெள்ளை மாதர் மனங்கோணுவர் என அஞ்சிய அமைப்பாளர்கள், கறுப்பினப் பெண்டிருடன் பின்னால் வருமாறு அவரைப் பணித்தனர். அம்மையார் இணங்கவில்லை. வேடிக்கை பார்க்கும் கூட்டத்தில் காத்து நின்றார். இல்லினாய் மாநில அணி அவ்வழியே வந்ததும், வெள்ளையரான தோழியர் இருவருக்கு நடுவே புகுந்து தலைநிமிர்ந்து நடந்தார்.

அதே ஆண்டில் இல்லினாய் மாநிலம் பெண்களுக்குக் குடியரசுத் தலைவர் தேர்தலிலும் நகரமன்றத் தேர்தலிலும் வாக்களிக்கும் உரிமை வழங்கியது. ஆல்ஃபா சங்கத்து மாதர் வீடு வீடாகச் சென்று வாக்காளர்களைப் பதிவு செய்தனர். 1915இல் ஆஸ்கர் டி பிரீஸ்ட் சிக்காகோ நகரமன்றத்தின் முதல் கறுப்பின உறுப்பினரானதில் அவர்கள் உழைப்புக்கும் பங்குண்டு.

1920இல் நாடு முழுவதும் பெண்கள் வாக்குரிமை பெற்றனர். ஆயினும் தென்மாநிலங்களில் வாக்கு வரியும் எழுத்தறிவுச் சோதனையும் கறுப்பினத்தாரை வாயிலிலேயே தடுத்து நிறுத்தின. அத்தடைகளைத் தகர்க்கும் வாக்குரிமைச் சட்டம் 1965இல்தான் வந்தது. அம்மையாரோ 1931 மார்ச் 25ஆம் நாளிலேயே மறைந்துவிட்டார்.

சங்கம் வைத்து வாழும் நமக்கு அவர் வாழ்வு ஒன்றை உணர்த்துகிறது: நாம் கூடும் அவையில் கடைசி வரிசைக்கென்று எவரையும் ஒதுக்குதல் ஆகாது.