நுண்ணோக்கி பக்கத்திலேயே இருந்தது!

கழுத்துல நெறி கட்டியிருக்குன்னு வீட்டில் சொல்லக் கேட்டிருப்பீங்க. பெரும்பாலும் அது தொண்டைப்புண்ணோ பல்வலியோ சரியானதும் தானாக வற்றிவிடும். வற்றாமல் வளர்ந்துகொண்டே போகும் நெறி ஒன்று உண்டு. அதற்குத்தான் தாமஸ் ஹாட்ஜ்கின் பெயர்.

1798-ல் லண்டனில், எளிமையையும் சமத்துவத்தையும் விடாப்பிடியாகப் பேசும் குவேக்கர் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். எடின்பரோவில் டாக்டர் பட்டம். பாரிஸ் போய் ஸ்டெதஸ்கோப்பைக் கண்டுபிடித்த லென்னெக்கிடமே அதைக் கற்றுவந்தார். பிறகு லண்டன் கைஸ் மருத்துவமனையில் பிணக்கூறாய்வும் அருங்காட்சியகமும் அவர் பொறுப்பு.

நம்ம ஆட்களுக்குப் பிடித்த பகுதி இது. ஜோசப் ஜாக்சன் லிஸ்டர்னு ஒரு ஒயின் வியாபாரி. லென்ஸ் பிழைகளைக் குறைத்து அருமையான நுண்ணோக்கி செய்தார். அதுவரை பலர் எந்தத் திசுவைப் பார்த்தாலும் உருண்டை உருண்டையாகத் தெரிகிறது என்றார்கள். அது கருவியின் கோளாறு என்று 1827-ல் இருவரும் சேர்ந்து காட்டினார்கள். ரத்தச் சிவப்பணு இருபக்கமும் குழிந்த தட்டு என்று எழுதினார்கள்.

ஆனால் 1832-ல் 7 நோயாளிகளின் வீங்கிய நிணநீர்ச் சுரப்பிகளையும் மண்ணீரலையும் பற்றி எழுதியபோது, ஹாட்ஜ்கின் நம்பியது வெறும் கண்ணை மட்டும்தான்! இது காசநோய் அல்ல, வேறு ஏதோ என்று சரியாகவே பிரித்தார். யாரும் கண்டுகொள்ளவில்லை.

நுண்ணோக்கியில் பார்த்திருந்தாலும் குழம்பியிருப்பார் என்றே நினைக்கிறேன். ஆரோக்கியமான ஒருவரின் ரத்த லிம்போசைட்டுகளில் சுமார் 70 சதவீதம் டி செல். மிச்சத்தை பி செல்லும் என்.கே. செல்லும் பங்குபோடும். இந்த நோயில் தடம்புரள்வது பி செல். ஆனா கட்டிக்குள் அந்தப் புற்றுச்செல் நூற்றுக்கு ஒன்று அளவுதான். சுற்றி நிற்பதில் பெரும்பகுதி சாதாரண டி செல் கூட்டம். எதிரியைச் சூழ்ந்தும் கொல்லாமல் நிற்கும். அங்கே அப்படிக் கூட்டம் நிற்க, நோய் முற்றினால் ரத்தத்தில் லிம்போசைட் குறையலாம். மைக்ரோலிட்டருக்கு 600-க்குக் கீழே போனால் இன்றும் டாக்டர்கள் கவலைப்படுகிறார்கள். இயல்பான அளவு 1000-க்கு மேல்.

1837-ல் கைஸில் உதவி மருத்துவர் பதவி காலியானது. தகுதியில் ஹாட்ஜ்கினுக்குக் குறையில்லை. ஆனால் மருத்துவமனையை ஆட்டிவைத்த பொருளாளர் பெஞ்சமின் ஹாரிசன், ஹட்சன் பே கம்பெனியின் நிர்வாகத்திலும் இருந்தார். கனடாவின் பூர்வகுடிகளை அந்தக் கம்பெனி நடத்திய விதத்தை ஹாட்ஜ்கின் அவரிடமே கண்டித்திருந்தார். பதவி வேறொருவருக்குப் போனது. ஹாட்ஜ்கின் வேலையை விட்டார். ஆராய்ச்சியும் ஏறக்குறைய அதோடு சரி. வாயை மூடியிருக்கலாமேன்னு தோணுதா? அதே வருஷம் பூர்வகுடிப் பாதுகாப்புச் சங்கம் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர்.

1865-ல் சாமுவேல் வில்க்ஸ், தானும் அதே நோயை ஆராய்ந்தபின், பெருந்தன்மையாக ஹாட்ஜ்கின் பெயரையே அதற்குச் சூட்டினார். அடுத்த வருஷம், நண்பர் மோசஸ் மான்டிஃபியோரியுடன் பாலஸ்தீனம் போன ஹாட்ஜ்கின் வயிற்றுக்கடுப்பில் யாஃபாவில் இறந்தார். கல்லறையும் அங்கேதான்.

அவர் காலத்துத் திசுத் துண்டுகள் கைஸ் அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருந்தன. 1926-ல் அவற்றைச் சீவி நுண்ணோக்கியில் வைத்தார்கள். எல்லாவற்றிலும் இல்லை, சிலவற்றில் அதே நோய்தான்.